ஈரச் சாக்கால் அழித்த கட்டங்கள்

என் மேசை இழுப்பறையில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சாக்பீஸ் துண்டு கிடக்கிறது. வீட்டைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் என் மனைவி அதைத் தூக்கிப் போடப் பார்ப்பாள், நான் விடுவதில்லை. அது எங்கள் மேடம் கையில் இருந்தது.

தேயிலை விலை விழுந்து, எஸ்டேட்டுகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திய காலம். அரசுப் பணத்தில் நடந்தாலும் அரசுக்குள் இல்லாத ஒரு சிறிய வறுமை ஒழிப்பு முகமை கூடலூரில் இருந்தது. மேடம் அதன் தலைவர். கோயமுத்தூர்க்காரர், வயதில் என்னைவிட நாலு இளையவர், கோபத்தில் நாற்பது மூத்தவர். நான் எழுத்தர். சேரம்பாடிப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு தனியார் எஸ்டேட்டுக்கு மாதம் ஒருமுறை ஜீப்பில் அரிசி கொண்டு போவோம். எல்லோருக்கும் பற்றாது. யாருக்கு முதலில் என்பதற்கு மேடம் ஒரு வழி வைத்திருந்தார். எஸ்டேட் நடந்த நாளில் காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்ட இடம் ஒன்று உண்டு. சிலோனிலிருந்து திரும்பி வந்த தொழிலாளர்கள் அதைப் பெரட்டுக் களம் என்பார்கள். அதன் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் வீட்டுக்கு ஒரு கட்டம் வரைந்து நம்பர் போடுவார். ஒவ்வொரு பெண்ணும், காடாக வளர்ந்துவிட்ட செடியிலிருந்து மூன்று கொழுந்து கிள்ளி வந்து, கஷ்டம் அதிகம் என்று தான் நினைக்கும் மூன்று வீட்டுக் கட்டங்களில் வைக்க வேண்டும். தன் வீட்டுக்கு வைக்கக் கூடாது. எப்போதும் பதினோராம் நம்பரில்தான் குவியும். சிலோன் குடும்பம்; கணவன் படுத்த படுக்கை, இரண்டு பெண் பிள்ளைகள். அந்த வீட்டு அக்காவோ குனிந்த தலையோடு மற்ற வீடுகளுக்கு வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பார்.

அரிசி இறங்கியதும் மேடம் காலி அரிசிச் சாக்கை நனைத்துத் தரையைத் துடைத்துவிடுவார். ஒரு நம்பரைக்கூட என்னைக் குறிக்க விடமாட்டார். எழுத்தரை எழுதவிடாவிட்டால் கை அரிக்கும் அல்லவா? ஒருநாள் கேட்டே விட்டேன். "ஏழை யாருன்னு பக்கத்து ஊட்டுக்காரிக்குத் தெரியுமுங்க, அது போதும். காயிதத்துக்கு எதுக்குங்க தெரியோணும்?" என்றார். இது என்ன நிர்வாகம் என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

ஒரே வேலைக்கு இரண்டு அலுவலகம் எதற்கு என்று மேலே யாருக்கோ தோன்றியது. முகமையை ஊட்டியிலிருந்த அரசுத் துறையோடு இணைத்தார்கள். வேண்டாம் என்று மேடம் அலுவலகம் அலுவலகமாகப் படி ஏறி இறங்கினார். டீ கொடுத்து மரியாதையாக அனுப்பினார்கள். கடைசியில் அவருக்கு ஆலோசகர் என்று ஒரு நாற்காலி, எனக்கு நிரந்தர அரசு வேலை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று நான் வீட்டுக்கு மைசூர்பா வாங்கிப் போனேன்.

கொழுந்துக்குப் பதில் படிவம் வந்தது. அதில் 'தற்போதைய வேலை' என்று ஒரு கட்டம். எஸ்டேட் மூடி எட்டு மாதமாகியும், லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்த ஜனம் அத்தனை பேரும் 'தோட்டத் தொழிலாளி' என்றே எழுதச் சொன்னார்கள். செக்ரோல் என்ற கம்பெனி ஆள் பதிவேட்டில் பெயர் இருக்கும்வரைதான் லயத்து வீடு. வேலை இல்லை என்று தானே ஒப்புக்கொண்டால் கம்பெனி வீட்டைக் கேட்கும். அங்கே பிறந்த குழந்தைக்கும் தெரிந்த இந்த விஷயம் துறைக்குத் தெரியவில்லை. வேலை இருப்பவர் ஏழையில்லை என்று மொத்தக் கட்டும் திரும்பி வந்தது.

இரண்டாம் முறை படிவத்தோடு போனபோது மழை பிடித்திருந்தது. அந்தக் கட்டத்தை நான் படித்துக் காட்டியதும் பதினோராம் நம்பர் அக்கா நிமிர்ந்தார். "ஐயா, எத எழுதுனா அரிசியும் வரும், வீடும் இருக்கும்?" என்று கேட்டார்.

இது அரசாங்கக் காகிதம், கம்பெனி கண்ணில் படாது என்று சமாதானம் சொல்லி, 'வேலை இல்லை' என்று நானே எழுதிக் கைநாட்டு வாங்கினேன். மற்ற யாரும் சம்மதிக்கவில்லை. அவர் ஒருவர்தான் என்னை நம்பினார்.

உதவி பெறுவோர் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும் என்பது துறையின் விதி. நல்ல விதிதான். பெயர், வீட்டு நம்பர், காரணம் எல்லாம் அச்சடித்து எஸ்டேட் கேட்டிலேயே ஒட்டிவிட்டார்கள். ஒரே ஒரு பெயர், எதிரே 'வேலை இல்லை'. அரிசி ஒரு தடவை வந்தது, பின்னாலேயே வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கம்பெனி நோட்டீசும் வந்தது. மேடமும் நானும் ஊட்டி அலுவலகத்தில் அறை அறையாக ஏறி இறங்கினோம். எல்லாம் விதிப்படியே நடந்திருக்கிறது என்றார்கள். அது உண்மை என்பதுதான் இன்றுவரை என் ஆத்திரம்.

அந்தக் குடும்பம் பனியன் கம்பெனி வேலை தேடித் திருப்பூருக்கு இறங்கியது. கணவனைப் பஸ்ஸில் தூக்கி உட்காரவைக்கக் கைகொடுத்தேன். "நல்லதுக்குத்தான எழுதுனீங்க ஐயா" என்றார் அக்கா. அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

எதற்கெடுத்தாலும் கத்தும் மேடமும் அன்று கத்தவில்லை. பெரட்டுக் களத்தருகே ஜீப்பை நிறுத்தச் சொல்லி, பையிலிருந்த சாக்பீஸை என் கையில் வைத்தார். "இனி எனக்கு இங்க வேலையில்லீங்க" என்றார். அடுத்த வாரம் ராஜினாமா செய்தார்.

எனக்கு அந்தத் துறைதான் இன்று பென்ஷன் தருகிறது. வருடத்துக்கொரு முறை உயிரோடு இருக்கிறேன் என்று படிவம் நிரப்ப வேண்டும். பேனா தேடும்போது அந்தச் சாக்பீஸ் கையில் தட்டுப்படும். படிவத்தில், வேறு வேலை பார்க்கிறீர்களா என்று ஒரு கட்டம் இருக்கிறது. 'இல்லை' என்று எழுதுகிறேன். என் வீட்டை யாரும் கேட்பதில்லை.