நோக்கோல் விளக்கும் அலுவலகப் பிரதியும்

காலைத் தேநீருக்குப் பால் எடுக்கக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே மரக்கறித் தட்டிலிருந்து ஒரு நோக்கோல் என்னைப் பார்த்துச் சிரித்தது. இரண்டு கண், ஒரு மூக்கு, ஒழுங்கில்லாத நாலு பல். குடைந்தெடுத்த சதை பக்கத்திலேயே ஒரு கிண்ணத்தில் மூடி வைக்கப்பட்டிருந்தது. நான் அரச திணைக்களமொன்றில் முப்பத்துநான்கு வருடம் இருந்து, நிர்வாக உத்தியோகத்தராக ஓய்வு பெற்றவன். வழமைக்கு மாறான ஒன்றைக் கண்டால் பதறுவதில்லை. அது யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். நோக்கோல் என் மருமகளின் பொறுப்பில் இருந்தது. பாலை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

இதை வாசிப்பவர்களில் பாதிப்பேர் டொரொண்டோவிலும் லண்டனிலும் இருப்பீர்கள், மிச்சப்பேர் வடமராட்சியில். புலம்பெயர்ந்தவர் என்ற பட்டத்தைக் கடல் கடந்தவர்களே வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் கடந்தது ஆனையிறவுக் கடனீரேரியை மட்டும்தான். ஆனாலும் நாற்பது வருடம் கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்தவனுக்கு அதில் ஒரு சிறு பங்காவது கிடைக்கவேண்டும். ஊருக்குப் போனால் ‘கொழும்பார் வந்திருக்கினம்’ என்கிறார்கள். கொழும்பில் எந்தப் படிவத்தை நிரப்பினாலும் ‘நிரந்தர விலாசம்’ என்ற கட்டத்தில் என் பேனா இன்னமும் ஒரு கணம் நிற்கிறது. ஒரு காலத்தில் இங்கே வீட்டில் யார் யார் தங்குகிறார்கள் என்று பொலிசில் பதியவேண்டியிருந்தது. எங்கள் ஒழுங்கையில் முக்கால்வாசி வீடுகளுக்கு அந்தப் படிவத்தை நான்தான் நிரப்பிக்கொடுத்தேன். அப்படிப்பட்ட எனக்கு, வெளிநாடு தானாகவே லிப்ட் ஏறி நாலாம் மாடிக்கு வந்தது அறுபத்தெட்டு வயதில்.

மகன் முகுந்தன் டப்ளினில் இருக்கிறான். அவன் மனைவி ஓர்லா அயர்லாந்துக்காரி. கலியாணம் அங்கே பதிவு அலுவலகத்தில் நடந்தது; நான் கணினித் திரையில் பார்த்து, சாட்சிகள் சரியான இடத்தில் கையெழுத்து வைத்தார்களா என்று மட்டும் கவனித்தேன். இருவரும் சேர்ந்து இங்கே வந்தது இதுதான் முதல் தடவை. ஓர்லாவுக்குக் கோயில்களில் விருப்பம் உண்டு, தேவாலயத்தில் இல்லை. தேவாலயம் வருவதற்கு முன்பு தன் ஊரார் கும்பிட்டதைத்தான் தான் கும்பிடுவதாகச் சொன்னாள். அவர்களுக்கு வருடம் ஒரு சில்லு மாதிரிச் சுற்றுமாம். எட்டு இடத்தில் பெருநாள். ஒக்டோபர் முப்பத்தொன்று மாலை வருவதன் பெயர் சௌவின். அன்றோடு கோடை முடிகிறது. கொழும்பில் கோடை முடிந்ததை நான் இதுவரை கண்டதில்லை. அன்று மாலை செத்தவர்கள் வந்து போகலாம் என்பதும், அவர்களுக்கு ஒரு தட்டு வைத்து வீட்டார் வாய் திறக்காமல் கூட இருந்து சாப்பிடவேண்டும் என்பதும் அவர்களுடைய ஒழுங்கு.

“மாமா, அம்மாவுக்கு வைக்கலாமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மாமா, அம்மா இரண்டும் மட்டும் தமிழ். அம்மா என்றது என் மனைவி சரோவை.

இங்கே ஒரு விடயத்தைப் பதிவு செய்யவேண்டும். சரோ போய் மூன்று வருடம். அவள் போன அன்று முகுந்தன் டப்ளினிலிருந்து தொலைபேசி எடுத்தான். அவனுடைய வதிவிட விண்ணப்பம் முடிவாகாமல் இருந்தது, கடவுச்சீட்டு அங்குள்ள குடிவரவு அலுவலகத்திடம் இருந்தது. “என்ன செய்ய அப்பா?” என்றான். ஆறுதல் கேட்டு எடுத்திருக்கிறான் என்று நான் நினைக்கவில்லை. நடைமுறை கேட்கிறான் என்று நினைத்தேன். “கடவுச்சீட்டைத் திருப்பிக் கேட்டால் விண்ணப்பம் கெட்டுப்போகும். வராதே” என்றேன். அவன் வரவில்லை. கொள்ளியை நான் வைத்தேன். இரண்டு மாதம் கழித்து, வேறு எதையோ தேடும்போது, அந்த அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் ஒரு பந்தி கண்ணில் பட்டது. நெருங்கிய உறவின் மரணம் என்றால் இரண்டு நாளில் கடவுச்சீட்டைத் திருப்பித் தருவார்கள். விண்ணப்பத்துக்கு ஒன்றும் ஆகாது. ஊராருக்கெல்லாம் படிவம் நிரப்பினவன் சொந்த மகனுக்கு ஒரு பந்தியை வாசிக்கவில்லை. அதை நான் அவனுக்கு அறிவிக்கவும் இல்லை. இந்த முறை வந்து ஒரு கிழமையாக மழை, வாகன நெரிசல், மாம்பழம் எல்லாவற்றைப் பற்றியும் கதைத்துவிட்டோம்.

எனவே ஓர்லாவிடம் ஓம் என்றேன், பிறகு விசாரணையைத் தொடங்கினேன். ஐயர் யார்? ஒருவரும் இல்லை. எத்தனை மணிக்கு? சூரியன் போனபிறகு. எத்தனை நிமிடம்? சாப்பிட்டு முடியும்வரை. எழுதிய விதிமுறை ஏதாவது? அவள் சிரித்தாள். விளக்குக்கு அவர்கள் ஊரில் டேர்னிப் என்ற கிழங்கைக் குடைவார்களாம். வெள்ளவத்தைச் சந்தையில் அதற்குக் கிட்டிய உறவு நோக்கோல். எங்கள் மரக்கறிக்காரர் கறிக்குப் பிஞ்சாக நாலு எடுத்து வைத்தார். ஓர்லா அவற்றை ஒதுக்கிவிட்டு, மாட்டுக்குப் போடுவதற்கு வைத்திருந்த குவியலில் ஆகப் பெரியதைத் தூக்கி, கதவு தட்டுவதுபோலத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டாள். “பிஸ்ஸுத மாத்தயா?” என்றார் அவர் என் பக்கம் சாய்ந்து. பைத்தியமா என்பதைச் சிங்களத்தில் இதைவிட மரியாதையாகக் கேட்க முடியாது.

அடுத்தது நெருப்பு. செத்தவருக்குச் சொல்ல விரும்புவதை ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதி, தட்டின் கீழே வைத்து, கடைசியில் எரிக்கவேண்டும். எங்கள் மாடிக் குடியிருப்பில் பல்கனியில் திறந்த நெருப்புத் தடை. அந்த விதியை எழுதியது நான். முகாமைத்துவக் குழுவின் செயலாளரும் நான். ஆகவே செயலாளருக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, செயலாளராக அதைப் பெற்று, சம்பந்தப்பட்டவன் என்பதால் பரிந்துரை செய்யாமல், இரண்டாம் மாடியில் இருக்கும் தலைவர் நஸீர் ஹாஜியாரிடம் கொண்டுபோனேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முழுதும் வாசித்தார்.

“என்ன பெருநாள் சேர் இது? பேய் பிசாசு ஒண்டும் வராதே?”

“இல்லை ஹாஜியார். ஒரே ஒரு ஆள்தான் வாறா. மிஸிஸ்.”

அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார். “அவங்க அவங்கட வீட்டுக்கு வாறத்துக்கு நான் என்னத்துக்கு சேர் தடை சொல்ல” என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார். திகதி போட மறந்திருந்தார். நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை. என் சேவைக்காலத்தில் இப்படி ஒன்றை விட்டது அதுதான் முதல் முறை.

மாலை நாலு மணிக்கு, கொட்டாஞ்சேனையில் இருக்கும் பவளம் மூன்று தூக்குச்சட்டிகளோடு வந்து இறங்கினாள். சரோவின் தங்கை. அக்காவின் ஆட்டைத்திதிக்கு வருடாவருடம் சமைப்பதுபோலவே எல்லாம் சமைத்திருந்தாள். சாப்பாடு தலைகீழாகப் போகும், இனிப்புத்தான் முதல் என்று ஓர்லா சொன்னதை முகுந்தன் மொழிபெயர்த்தான்.

“முதல்ல பாயசமோ? அப்ப கடைசியா என்ன, கைகழுவித் தண்ணியோ?”

“ரசம், சித்தி.”

“உங்கட ஊர்ச் செத்த ஆக்களுக்குச் செமிபாடு ஒரு மாதிரித்தான்” என்று ஓர்லாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஓர்லாவும் நன்றி என்றாள்.

பிறகு திசைப் பிரச்சினை. செத்தவர்களுக்குத் தெற்கு என்றாள் பவளம். மேற்கு என்றாள் ஓர்லா. தெற்கே எங்கள் சலவை இயந்திரம் நிற்கிறது, மேற்கே கடல். இரண்டு தரப்பையும் கேட்டபின் சரோவின் நாற்காலியைத் தென்மேற்கு நோக்கி வைத்தேன். இரண்டு சம்பிரதாயமும் சம அளவில் அதிருப்தி அடைந்தால் தீர்ப்புச் சரி என்பது என் அனுபவம். பவளம் அக்காவின் தட்டில் சோறும் கறியும் வைத்து, பாயசத்துக்கு வந்ததும் அரைக் கரண்டியோடு நிறுத்தினாள்.

“ஏன் சித்தி, கொஞ்சம் கூட விடுங்கோ.”

“சீனி வருத்தக்காரிக்கு இவ்வளவு காணும்.”

மூன்று வருடத்துக்கு முன்பே வருத்தமெல்லாம் தீர்ந்துபோன ஒருத்திக்கு அவள் இன்னமும் பத்தியம் பார்த்தாள். கரண்டியை வைத்துவிட்டு, “சரி, படைச்சாச்சு. எல்லாரும் வெளியில வாங்கோ, கதவைச் சாத்தவேணும்” என்றாள். எங்கள் முறை அது. படைத்தபின் ஆட்கள் விலகிவிடவேண்டும், செத்தவர் தனியே வந்து சாப்பிட்டுப் போகவேண்டும். ஓர்லா எழும்பவில்லை. என்ன நடக்கிறது என்று முகுந்தனிடம் கேட்டாள். அவன் சொன்னான். அவள் நாற்காலியைப் பார்த்தாள்.

“இவ்வளவு தூரம் வந்தவரைத் தனியே விட்டுவிட்டுப் போவீர்களா?” என்று கேட்டாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டாள்.

இதற்கு என்னிடம் விதி இருந்தது. அதை எடுக்குமுன் முகுந்தன் தாயின் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். “நீங்கள் போறதெண்டால் போங்கோ சித்தி. நான் இருக்கிறன்” என்றான். பவளம் கதவுப்பிடியை விட்டாள். பிறகு வந்து உட்கார்ந்தாள்.

நோக்கோலுக்குள் மெழுகுதிரி எரிந்தது. அவிந்த மரக்கறி மணம் வீடு முழுக்கப் பரவியது. மௌனம் தொடங்கியது. யாழ்ப்பாணத்தார் நாலுபேர் மௌனமாகச் சாப்பிடுவது எளிதென்று நினைக்கவேண்டாம், மூன்றுபேர் என்றாலும்தான். இரண்டாவது நிமிடத்தில் பாணும் பணிசும் விற்கும் ஓட்டோ தன் ஒரே ராகத்தைப் பாடிக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்து, சரியாக எங்கள் கீழே நின்றது. அது போக, கரையோர ரயில் சன்னலை அதிர வைத்தது. பவளத்தின் கைத்தொலைபேசி அடித்தது. எடுத்து, ஒன்றும் பேசாமல், எதிர்முனையில் யாரோ ‘ஹலோ ஹலோ’ என்பதைக் கடைசிவரை கேட்டுவிட்டு வைத்தாள். அப்பளம் கடிப்பது சட்டத்துக்கு உட்பட்டதா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. வாயில் ஊறவைத்து விழுங்கினேன். ஓர்லாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. சம்பலா, சரோவா என்று தெரியவில்லை. அவள் சரோவைக் கண்டதே இல்லை. முகுந்தன் சாப்பிட்ட அளவு குறைவு. ஒருமுறை, ஒருவரும் பார்க்கவில்லை என்று நினைத்து, தாயின் தட்டில் இன்னும் ஒரு கரண்டி பாயசம் விட்டான். பவளம் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

தாள்களை நாங்கள் முன்னரே எழுதித் தட்டின் கீழே வைத்திருந்தோம். மற்றவர்கள் ஐந்து நிமிடத்தில் எழுதினார்கள். நான் மதியம் முழுவதும் அறைக்குள் இருந்து எழுதினேன். ‘அன்புள்ள சரோ, முகுந்தன் வராதது தொடர்பாக’ என்று தலைப்பிட்டு, கீழே கோடும் போட்டேன். வரவேண்டாம் என்று சொன்னது நான். சொன்ன காரணம் பிழை. வரக்கூடிய வழி இருந்தது, நான் வாசிக்கவில்லை. இதை அவனுக்கு இன்னும் அறிவிக்கவில்லை. உன் தகவலுக்காக. இவ்வளவுதான் கடிதம். பல்கனியில் பழைய தாச்சியொன்றில் நாலு தாள்களையும் போட்டு முகுந்தன் நெருப்பு வைத்தான். என்னுடையது தடித்த தாள் என்பதால் கடைசியாக எரிந்தது. காற்று சாம்பலைக் கடல் பக்கம் கொண்டுபோகாமல் மூன்றாம் மாடிக்காரர் காயவைத்திருந்த துணிப்பக்கம் கொண்டுபோனது. மறுநாள் அதற்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதவேண்டியிருந்தது.

மறுநாள் காலை சவரம் செய்துகொண்டிருந்தேன். அவர்கள் இருவரும் ஊருக்குப் போக ரயிலில் இடம் பதிய ஆயத்தமானார்கள்.

“அப்பா, ஓர்லாவின்ர பாஸ்போர்ட் கொப்பி எங்க?”

“பச்சைக் கோவை, மேசையில இருக்கிற பைல். உன்ர பேர் எழுதியிருக்கு.”

முகத்தின் இடது பக்கத்தை வழித்து முடித்தபோதுதான் விளங்கியது. முப்பத்துநான்கு வருடப் பழக்கம் என்பது கைக்குள் இருப்பது. கடிதம் ஒன்று வெளியே போனால் பிரதி ஒன்று கோவைக்குள் போகும். அது திணைக்களத் தலைவருக்குப் போகிறதா, மேலுலகத்துக்குப் போகிறதா என்று கை விசாரிப்பதில்லை. முதல் நாள் மதியம் நான் கார்பன் தாள் வைத்துத்தான் எழுதியிருந்தேன். பிரதியில் துளையிட்டு, விடயத்துக்குரிய அந்தப் பச்சைக் கோவையில், ஒழுங்குப்படி எல்லாவற்றுக்கும் மேலே இட்டிருந்தேன்.

பாதி நுரையோடு வெளியே வந்தேன். முன்னறையில் அவன் இல்லை. பச்சைக் கோவை மேசையில் திறந்தபடி இருந்தது. என் கடிதத்தின் கீழே, அலுவலகத்தில் குறிப்பு எழுதும் அதே இடத்தில், சின்ன வயதில் அவன் என் மேசைக்குப் பக்கத்தில் இருந்து பார்த்துப் பழகிய அதே பாணியில், எழுதியிருந்தான்:

‘பார்த்தேன். கடவுச்சீட்டைத் திருப்பித் தரும் குறித்த ஏற்பாடு அப்போதே எனக்குத் தெரியும். இருந்தும் வரப் பயந்தேன். ஒருவர் வராதே என்று சொல்லவேண்டும் என்றுதான் உங்களுக்கு எடுத்தேன். நேற்று அம்மாவுக்கும் இதையே எழுதினேன், பிரதி வைக்கவில்லை.’

கீழே சுருக்கொப்பமும் திகதியும். திகதியை அவன் மறக்கவில்லை.

பல்கனியில் நின்றான். ஓர்லா நோக்கோலைக் கையில் வைத்திருந்தாள்; ஒரே இரவில் கன்னம் ஒடுங்கி, என் வயதுக்கு வந்திருந்தது. முகுந்தன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான்.

“அப்பா, ஒரு பக்கம் வழிக்க இல்லை.”

“தெரியும்.”

“அந்தக் கடிதத்தில எனக்கு ஒரு கொப்பி வேணும். கொண்டுபோக.”

“உண்மைப் பிரதி எண்டு உறுதிப்படுத்தவோ?”

“உங்களால அப்படிச் செய்யாமல் தர ஏலுமோ?”

காலி வீதியில் இருக்கும் போட்டோகொப்பிக் கடைக்கு நானே போய் எடுத்து வந்தேன். ஒன்று வெள்ளவத்தையில் பச்சைக் கோவையில் இருக்கும், ஒன்று டப்ளினில் அவன் எங்கே வைப்பானோ அங்கே. மேசையில் இருந்து முத்திரையைக் கையில் எடுத்தபின்தான் ஒரு சிக்கல் தெரிந்தது. மூலப்பிரதியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் உண்மைப் பிரதி என்று ஒப்பமிட முடியாது. மூலப்பிரதி என்னிடம் இல்லை. முத்திரையைத் திரும்ப வைத்துவிட்டு, இரண்டிலும் கையாலேயே எழுதிக் கையெழுத்து வைத்தேன்: ‘மூலப்பிரதி உரியவரிடம் கையளிக்கப்பட்டது.’