நாவுலையில் நான் பார்க்க ஆசைப்பட்ட தீ

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு மாத்தளையில் நாவுல பஸ் ஏறினேன். டிக்கெட் எண்பது சதம். தூரம் பதினாறு மைல். ஆகஸ்ட் விடுமுறை என்பதால் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. என் மனைவியின் நானா, மூத்த அண்ணன் ஹனிபா, நாவுலைக்குக் கிழக்கே ஒரு மலையடிவாரக் கிராமத்தில் குடியிருக்கிறார். கல்யாணமாகி ஒன்பது வருஷமாகியும் அவர் ஊரை நான் பார்த்ததில்லை. மனைவி ஒரு தகரப்பெட்டி நிறைய மஸ்கட் அல்வா கிண்டித் தந்திருந்தாள். சனிக்கிழமை திரும்பிவிட வேண்டும் என்பது அவள் கட்டளை.

பலாபத்வல வரைக்கும் ஓரளவு பச்சை இருந்தது. அதைத் தாண்டியதும் நிறம் மாறியது. மரங்களில் ஏறியிருந்த மிளகுக் கொடிகள் துவண்டு தொங்கின. ஓடைகளில் கல்தான் தெரிந்தது. மூன்று மாதமாக இந்தப் பக்கம் ஒரு சொட்டு மழை இல்லை என்று கண்டக்டர் சொன்னார். மலைகளின் மேலே ஆளுயரம் வளர்ந்த மானாப்புல் வைக்கோல் நிறத்தில் காற்றுக்குச் சாய்ந்து நிமிர்ந்தது. அழகாக இருக்கிறது என்று என் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

எட்டு மணிக்கு நாவுல. ஹனிபா மச்சான் காத்துக்கொண்டு நின்றார். மூன்று மைல் நடை. வழி நெடுகப் பேசிக்கொண்டு வந்தார். கிராமத்தில் முப்பது வீடுகள் இருக்கும். ஆறு வீடு நம்மவர்கள், மற்றவர்கள் சிங்களவர்கள். எல்லாருக்கும் தண்ணீர் ஒரே ஊற்றிலிருந்துதான். பாறையிடுக்கில் கசிவதை மூங்கில் குழாயில் பிடித்து வீதியோரம் விட்டிருந்தார்கள். ஊற்றுக்குப் பக்கத்தில் முதியான்சேயின் வீடும் வெற்றிலைத் தோட்டமும். அவருக்கு அறுபது வயதிருக்கும். ஊரில் பயிருக்காகக் காடு வெட்டிச் சேனை எரிப்பதென்றால் நாளும் நேரமும் அவர்தான் சொல்வார். காற்றைப் பார்த்துச் சொல்வார். எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வரும், தாண்டும் தீயை அடிக்கப் பச்சைக் கொப்புகளோடு சுற்றி நிற்பார்கள்.

ஹனிபா குரக்கன் போடுவதற்காக இரண்டு ஏக்கர் காடு வெட்டிக் காயப்போட்டிருந்தார். எரிக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் முதியான்சே, கலேவெலயில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்த பிறகு எரிப்பதாக ஏற்பாடு. நான் சனிக்கிழமை போக வேண்டியவன். சேனை எரிப்பதை நான் ஒருநாளும் கண்டதில்லை, அதைப் பார்க்காமல் போவது கவலைதான் என்று சொன்னேன். ஒரு தடவை அல்ல. அன்று மாலை ஒரு தடவை, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சோறு தின்னும்போது இன்னொரு தடவை.

மூன்று மணிக்கு ஹனிபா முற்றத்தில் நின்று மலையைப் பார்த்தார். புல் அசையவில்லை.

"காத்து அடங்கிட்டு மச்சான். இப்ப வச்சா மஃரிப் தொழுகைக்கு முந்தி முடிஞ்சிடும்," என்றார்.

அவர் மனைவி ராத்தா, முதியான்சே அய்யா வரட்டுமே என்றார். விருந்துக்கு வந்த மனுஷன் ஆசைப்படுகிறார், நானும் இருபது வருஷமாக எரிக்கிறவன்தானே என்று ஹனிபா சொல்லிவிட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சப்பாத்தை மாட்டிக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.

மேற்கு மூலையில் தீ வைத்தார். முதல் கால் மணி நேரம் நான் நினைத்ததைவிட அழகாக இருந்தது. பிறகு என் முதுகில் சில்லென்று ஏதோ பட்டது. காற்று. மலை இடுக்கிலிருந்து திடீரென்று இறங்கி, இரண்டு நிமிஷத்தில் பேய்க்காற்றாகிவிட்டது. சேனையைச் சுற்றி நாலடி அகலத்துக்குச் செதுக்கி விட்டிருந்த வெறும் மண்ணை, தீ ஒரு தணலைத் தூக்கிப்போட்டுத் தாண்டியது. மானாப்புல்லில் விழுந்ததும் அது ஓட ஆரம்பித்தது. மேல்நோக்கி ஓடுகிற தீக்கு ஒரு சத்தம் உண்டு. பெரிய சீலையை யாரோ நிறுத்தாமல் கிழிப்பது போல. ஹனிபா கொப்பை ஒடித்து அடித்தார். நானும் அடித்தேன். என் கண்ணிமை மயிர் கருகியது. அரை மணி நேரத்தில் மலையின் முகம் முழுவதும் எரிந்தது.

புகையைக் கண்டு ஊர் வந்துவிட்டது. கத்தி, மண்வெட்டி, ஈரச் சாக்கு, கையில் கிடைத்ததோடு வந்தார்கள். ஐந்து மணியளவில் தீ மலை முதுகில் திரும்பி, ஊற்றுப் பக்கமாகக் கீழே இறங்கியது. முதியான்சேயின் மனைவி மெனிக்கே, பசுவை அவிழ்த்து வீதிக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். வைக்கோல் கூரை அவர் பின்னால் பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை வர வேண்டிய முதியான்சே இரண்டு நாள் முந்தியே வந்து சேர்ந்தார். பஸ்ஸில் வரும்போதே மலை எரிவதைக் கண்டிருக்கிறார். யாரும் பிடிப்பதற்குள் வீட்டுக்குள் போனார். விதைநெல் மூட்டையோடு வெளியே வந்தார். மூட்டையைக் கீழே போட்ட பிறகுதான் அவர் கைகளைப் பார்த்தோம். முழங்கை வரை தோல் வெந்திருந்தது. அவரை ஒரு மரவள்ளி லொறியில் ஏற்றி மாத்தளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

இரவெல்லாம் வேலை. பெரிய பாறையிலிருந்து ஓடை வரை அரை மைல் நீளத்துக்குப் புல்லைச் செதுக்கி மண்ணைக் காட்டினோம். அந்தக் கோட்டிலிருந்து மேல்நோக்கி எதிர்த்தீ வைக்கலாம் என்று சொன்னது மெனிக்கேதான். கணவன் அப்படிச் செய்ததை அவர் பார்த்திருக்கிறார். சனிக்கிழமை விடிந்து காற்று மாறியதும் வைத்தார்கள். இரண்டு தீயும் நடுவில் சந்தித்தன. எரிக்க ஒன்றும் மிஞ்சாமல் இரண்டும் செத்தன. யாரும் சந்தோஷப்படவில்லை. இருந்த இடத்திலேயே உட்கார்ந்தார்கள்.

மூன்று வீடுகள் போயின. வெற்றிலைத் தோட்டமும் மிளகும் போயின. மூங்கில் குழாய் எரிந்துவிட்டது. பாறையிடுக்கில் சாம்பல் கலந்து கறுப்பாகக் கசிந்தது. பெண்கள் அதைத் துணியில் வடித்துப் பார்த்துவிட்டு, ஒரு மைல் தள்ளியிருந்த குளத்துக்குக் குடத்தோடு நடந்தார்கள்.

பத்து மணிக்கு ஊர் அதிகாரியான விதானையார் வந்து வீதியில் எல்லாரையும் கூட்டினார். யார் வைத்தது என்று சிங்களத்தில் கேட்டார். ஹனிபா எழுந்து நின்றார். தான்தான் வைத்ததாகவும், முதியான்சே அய்யாவைக் கேட்காமல் வைத்ததாகவும் சொன்னார். ஏன் அவசரம் என்று விதானையார் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். ஹனிபா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "மாஸ்டர் விருந்தாளி. அவருக்கு ஒண்டும் தெரியா," என்றார்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். இரண்டு சொல் சொல்லியிருந்தால் போதும். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி பஸ்ஸுக்கு ஹனிபா வரவில்லை. எரிந்த வீடுகளுக்கு மரம் வெட்டப் போயிருந்தார். கூப்பிடாமலே போனார், யாரும் அவரைத் துரத்தவும் இல்லை, அவரோடு பேசவும் இல்லை என்று ராத்தா அழுதபடி சொன்னார்.

பஸ்ஸில் எனக்கு முன்னால் மெனிக்கே ஏறியிருந்தார். கணவனைப் பார்க்கப் போகிறார். மடியில் ஒரு சோற்றுப் பொட்டலம். இருந்த ஒரே இடம் அவர் பக்கத்தில்தான். பலாபத்வல நெருங்கும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சொன்னேன். எரிப்பதைப் பார்க்க வேண்டும் என்று நான்தான் கேட்டேன், ஹனிபா எனக்காகத்தான் அவசரப்பட்டார் என்று.

அவர் கோபப்படவில்லை. அவர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"இத நேத்து எல்லாரும் இருக்கும்போது சொல்லியிருந்தா, ஊர் தாங்கியிருக்கும் மாஸ்டர். இப்ப எனக்கு மட்டும் சொல்றீங்க. நான் இத எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

ஆஸ்பத்திரி வாசலில் அவரோடு இறங்கினேன். உள்ளே போகத் தைரியம் வரவில்லை. மறுநாள் போனேன். முதியான்சேயின் இரண்டு கையும் துணியில் சுற்றிக் கிடந்தன. விரல்கள் இனி மடங்குவது கஷ்டம் என்று தாதி சொல்லியிருந்தார். என்னைக் கண்டதும், மல்லி சாப்பிடுகிறானா என்று கேட்டார். ஹனிபாவைத்தான் அவர் மல்லி, அதாவது தம்பி, என்பார். நான் பஸ்ஸில் சொன்னதை மெனிக்கே அவரிடம் சொல்லவில்லை என்பது அப்போது புரிந்தது. நானும் சொல்லவில்லை.

அந்த மாரியில் நாவுலப் பக்கம் நல்ல மழை. புல் இல்லாத மலையிலிருந்து மண் கரைந்து வயல்களில் முழங்கால் அளவு படிந்ததாக ஹனிபா எழுதியிருந்தார். அவர் சேனையில் குரக்கன் விதைக்க ஒருவரும் போகவில்லை. அவர் கூப்பிடவும் இல்லையாம்.

மாத்தளை நகரத்தில் இருக்கிற நாங்கள் ஒவ்வொரு வெயில் காலத்திலும் மலைத்தீயைப் பார்க்கிறவர்கள்தான். அந்தியில் தூரத்து மலையில் சிவப்பாக ஒரு கோடு தெரியும். தெருவுக்கு வந்து நிற்போம், பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுவோம், மாலை போட்டது போல இருக்கிறது என்போம். போன வாரமும் அப்படி ஒரு கோடு தெரிந்தது. பக்கத்து வீட்டார் என்னைக் கூப்பிட்டார்கள். போய் நின்றேன். அழகு என்று சொன்னார்கள். இந்த நேரத்தில் அந்தக் கோட்டுக்குக் கீழே யாரோ தீயை அடிக்கக் கொப்பு ஒடித்துக்கொண்டிருப்பார்கள் என்று நான் அவர்களிடம் சொன்னேன். பிறகு ஒவ்வொருவராக உள்ளே போய்விட்டார்கள்.