டாக்டர் என்ன கேட்டார் என்று கேட்டவர்

வியாழக்கிழமை காலை, கிள்ளான் துறைமுகச் சாலை நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது அலுவலக வாட்சாப் குழுவில் செய்தி வந்தது. தனபாலன் அண்ணன் காலமாகிவிட்டார். பின்னால் நின்ற லோரிக்காரர் ஹாரன் அடிக்கும்வரை நான் காரை நகர்த்தவில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் சரக்கு நிறுவனத்தின் ஊழியர் பிரிவில் இருபத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றியவர். நிறுவனச் செலவில் நாங்கள் போய்ப் பார்க்கக்கூடிய பேனல் கிளினிக்குகளின் பட்டியல் அவர் பொறுப்பு. மற்றவர்கள் இந்த வேலையை உட்கார்ந்த இடத்திலேயே முடித்துவிடுவார்கள். இவர் கிளினிக்குக்கே போவார். நோயாளி மாதிரி உட்கார்ந்து நாளிதழ் படிப்பார். உள்ளே போய்விட்டு வருபவர்களிடம், "டாக்டர் என்ன கேட்டாரு?" என்பார். பெரும்பாலோர் கையிலிருக்கும் மருந்துப் பொட்டலத்தைக் காட்டுவார்கள். "மருந்து இருக்கட்டும், என்ன கேட்டாரு?" என்று விடமாட்டார். கிள்ளானில் ஓர் அம்மா, "என்ன அங்கிள், டாக்டருக்குப் பொண்ணு குடுக்கப் போறீங்களா?" என்று கேட்டாராம். அதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் சண்டையில்தான் தொடங்கியது. பண்டமாரானில் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பேனல் கிளினிக் இருந்தது. தலைவலி வந்தால் அங்கே போவேன். டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வலி மாத்திரையும் எம்.சி. என்ற விடுப்புச் சீட்டும் தந்துவிடுவார். ஐந்தே நிமிடம். எங்களுக்கெல்லாம் அவர்தான் நல்ல டாக்டர். அந்தக் கிளினிக்கை ஒருநாள் அண்ணன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். கோபத்தோடு அவர் மேசைக்குப் போனேன்.

"பக்கத்துல இருக்கற கிளினிக்க ஏண்ணே தூக்கினீங்க?"

"நான்தாம்மா மொதல்ல போட்டேன். எல்லாருக்கும் பக்கம்னு, போய்ப் பாக்காமலே போட்டுட்டேன். தப்பு என்னோடது." பிறகு கேட்டார்: "மூணு வருஷமா தலவலின்னு எம்.சி. அனுப்பற. அந்த டாக்டர் உன்ன என்ன கேட்டாரு?"

யோசித்துப் பார்த்தேன். "எத்தன நாள் எம்.சி. வேணும்னு கேட்டாரு."

அவர் சிரிக்கவில்லை. கிள்ளான் நகரில் ஒரு பெண் மருத்துவரின் பெயரைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். "ரெண்டு மணி நேரம் ஆவும். பொறுமையா உக்காந்திரு லா."

வேண்டா வெறுப்பாகப் போனேன். காத்திருந்த நேரமெல்லாம் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த மருத்துவர், காலையில் முகம் வீங்குகிறதா, சிறுநீரில் நுரை வருகிறதா, வீட்டில் யாருக்காவது ரத்த அழுத்தம் உண்டா என்று கேட்டுக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். பரிசோதனையில், என் சிறுநீரகங்கள் கெடத் தொடங்கியிருந்தது தெரிந்தது. நான் விழுங்கிய வலி மாத்திரைகள் அதை இன்னும் மோசமாக்கியிருந்தன. அப்போது எனக்கு வயது முப்பத்து நான்கு. இன்றுவரை டயாலிசிஸ் இல்லாமல் வேலைக்குப் போகிறேன். அண்ணனுக்கு நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லியிருந்தாலும் போதாது.

அவர் ஓய்வு பெற்றபோது பட்டியல் என் கைக்கு வந்தது. மனைவி இறந்து, மகளும் சிங்கப்பூருக்குப் போய்விட, பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் தனியாக இருந்தார். போன ஆண்டு உடம்பு மெலிந்துகொண்டே வந்தது. பங்சாரில் ஒரு சிறப்பு மருத்துவரைப் பார்க்க என்னைத் துணைக்குக் கூப்பிட்டார்.

"நீ உள்ள வராத. நான் வெளிய வந்ததும் கேளு."

நாற்பது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது.

"டாக்டர் என்ன கேட்டாருண்ணே?"

"வீட்டுல கூட யாரு இருக்காங்கன்னு கேட்டாரு."

எனக்குப் புரிந்துவிட்டது. அழக்கூடாது என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. "மருந்து?" என்றேன்.

"மருந்து இருக்கட்டும்மா." பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார். "நாற்காலிய எம்பக்கம் இழுத்துப் போட்டு உக்காந்துதான் கேட்டாரு. நல்ல டாக்டர். பேர எழுதிக்க, லிஸ்ட்டுல சேத்துரு."

எழுதிக்கொண்டேன். ஆனால் பட்டியலில் சேர்க்க மனம் வரவில்லை. சேர்த்தால் அவர் சீக்கிரம் போய்விடுவார் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. அவரும் இரண்டு முறை நினைவூட்டினார். நாளை, நாளை என்று தள்ளிக்கொண்டே இருந்தேன்.

வியாழக்கிழமை, இறுதிச் சடங்குக்குக் கிளம்புமுன், அவர் உட்கார்ந்திருந்த அதே மேசையில் உட்கார்ந்து அந்தப் பெயரைச் சேர்த்தேன்.

போய் வாருங்கள், அண்ணே. போய்ப் பார்க்காமல் போடவில்லை. நாம் இரண்டு பேரும் போய்ப் பார்த்த டாக்டர்தான்.