அறுபத்தொரு கிளைகளும் ஒரு சிம்பாங்கும்

மலேசியாவின் ஈப்போவுக்கு வந்த முதல் வாரம் எனக்கு டீ கேட்கத் தெரியவில்லை. அலுவலகத்துக்குக் கீழே உள்ள சீனர் கடையில் ஆளாளுக்கு மூன்று நான்கு சொல்லைச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். 'தே' என்றால் கெட்டிப்பால் ஊற்றிய தேநீர். கூடவே 'ஓ' என்றால் பால் கிடையாது. 'கோசோங்' என்றால் சர்க்கரையும் கிடையாது. 'பேங்' என்றால் ஐஸ். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே வேலை. எதை எதோடு சேர்த்தாலும் அடிபிடி இல்லை. எங்கள் கோவில்பட்டியில், "அண்ணாச்சி, ஒரு டீ, ஸ்ட்ராங்கா, சீனி கம்மியா, ரொம்பக் கம்மி வேண்டாம், ஆடை இல்லாம" என்று நீட்டி முழக்குவோம். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு எல்லாருக்கும் போடுகிற அதே டீயைப் போட்டுத் தருவார். கணினி நிரல் எழுதிப் பிழைக்கிறவள் என்பதால் இந்த மாதிரிச் சங்கதிகள்தான் என் கண்ணில் படும். படாமல் இருந்தால் சூடாக டீ குடித்திருப்பேன்.

என்னை இந்த ஊருக்குக் கொண்டுவந்ததே ஓர் எண்தான்: அறுபத்தொன்று. தெலுக் இந்தானில் ஒரு தொண்டு அமைப்பு டயாலிசிஸ் நிலையம் நடத்துகிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரம் மூன்று நாள் வந்து, நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கிடந்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகிறார்கள். அதிகமும் பழைய ரப்பர்த் தோட்டத்து ஆட்கள். அவர்களைக் கூட்டி வர ஒரு வேன் உண்டு. நாளைக்கு யாரை, எத்தனை மணிக்கு, எங்கே ஏற்றுவது என்று முந்தைய சாயங்காலமே ஓட்டுநருக்குத் தாள் அச்சிட்டுக் கொடுக்கும் நிரலை எங்கள் சின்ன நிறுவனம் பராமரிக்கிறது. அதில் ஒரு பகுதியைத் தொட எல்லாருக்கும் பயம். 'இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்' என்று பாதை பிரிந்துகொண்டே போகும். ஒரு பகுதி எவ்வளவு சிக்கல் என்று அளக்க எளிய வழி இருக்கிறது. நேர்பாதைக்கு ஒன்று, பிரிகிற ஒவ்வோர் இடத்துக்கும் இன்னொன்று என்று எண்ண வேண்டும். பத்துக்குள் இருந்தால் மனுசர் தலைக்குள் அடங்கும் என்பது எங்கள் தொழிலில் பொதுப்பேச்சு. இது அறுபத்தொன்று. எழுதியவர்களும் நாலைந்து பேர், ஒருவரும் இப்போது இல்லை.

அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட முடியாததற்குக் காரணம் சரஸ்வதி அக்கா. பாகான் டத்தோ பக்கம் தென்னந்தோப்புக்குள் வீடு. அந்தப் பக்கம் வேன் போவதில்லை. கணவர் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வந்து, திரும்பும்போது தலை சுற்றலோடு அதே தூரம் போக வேண்டும். தூங்கி விழுந்துவிடாமல் இருக்கத் துண்டால் கணவரோடு சேர்த்துக் கட்டிக்கொள்வாராம். வேனில் இடம் இருந்தது, ஓட்டுநருக்குச் சம்மதம், நிலையத்துக்கும் சம்மதம். நிரலில் ஒரு புது இடத்தைச் சேர்க்கத்தான் வழியில்லை. முன்பு ஒருமுறை சேர்த்தபோது பீடோர் ஊர் நோயாளிகள் மூன்று பேர் தாளிலிருந்தே காணாமல் போனார்களாம். ஓர் அம்மா மோட்டாரில் தூங்கி விழுவதும் விழாததும் நான் சரிசெய்யப் போகும் சில பக்கங்களில் இருந்தது.

சென்னையில் நான் வேலை பார்த்த இடத்தில் ஒரே வேதம்தான்: "ஓடுதுல்ல? நோண்டாத." அங்கே மேலாளர்கள் எவ்வளவு எழுதினாய் என்று கேட்பார்கள், எவ்வளவு குறைத்தாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. இங்கே எங்கள் முதலாளி லியூ குறைப்பதற்கென்றே ஆள் எடுத்திருக்கிறார் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வந்த வேகத்தில் அந்தப் பகுதியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தேன். நாற்பது கிளைகளுக்கு மேல் தனித்தனி ஆளுக்கானவை. 'இவர் என்றால் வீட்டுக்குப் போகாதே, கடைப் பக்கம் நில்', 'இந்த அம்மாவுக்குச் செவ்வாய் மட்டும் பாலத்தடி', இப்படி. யாரோ தொலைபேசியில் புகார் சொல்லச் சொல்ல ஒட்டுப்போட்டிருக்கிறார்கள் என்று தீர்மானித்தேன். எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, அடையாள அட்டையில் உள்ள முகவரிக்கு நேராக வேனை அனுப்பினேன். எண் பன்னிரண்டுக்கு இறங்கியது. பழைய தாளையும் புதுத் தாளையும் ஒரு வாரம் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது நிறைய வித்தியாசம் இருந்தது. பழசின் தப்பு என்று நானே முடிவுகட்டினேன். இவ்வளவு சுத்தமாக எழுதியவளிடம் தப்பு இருக்குமா?

ஒரு சனிக்கிழமை புதுத் தாளோடு வேன் கிளம்பியது. ஏழு மணிக்கெல்லாம் ஓட்டுநர் அந்தோணி அண்ணே கூப்பிட்டார்.

"தங்கச்சி, தாள்ல வீட்டு நம்பரு போட்டுருக்கு. வீடு வீடா போறேன், யாரும் இல்லலா. எல்லாம் பூட்டிக் கெடக்கு."

போச்சுடா. ஆறு நோயாளிகள் சாலை பிரியும் முனையில் நின்றுகொண்டிருக்க, வேன் அவர்களுடைய தாமானுக்குள், அதாவது வீட்டுக் குடியிருப்புக்குள், சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. நாற்பது நிமிடம் தாமதம். அன்று எல்லா இயந்திரங்களின் நேரமும் தள்ளிப்போய், அடுத்த சுற்று ஆட்கள் பசியோடு காத்துக் கிடந்தார்கள். லியூ கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "பழசையே ஓடவிடு" என்று மட்டும் சொன்னார். பாகான் டத்தோ விஷயம் தள்ளிவைக்கப்பட்டது. சரஸ்வதி அக்காவுக்கு இன்னும் எத்தனை வாரம் துண்டுக்கட்டு என்று எனக்குத் தெரியவில்லை. அவமானத்தைவிட அதுதான் அரித்தது.

அடுத்த வாரம் தெலுக் இந்தானில் அறை எடுத்துத் தங்கி, விடிகாலையில் வேனில் ஏறிக்கொண்டேன். அந்தோணி அண்ணே என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எந்த எஸ்டேட்டு?" என்றார். இங்கே தமிழர்கள் ஊரைக் கேட்பதில்லை, தோட்டத்தைக் கேட்கிறார்கள்.

"கோவில்பட்டிண்ணே."

"அது எங்கலா, சித்தியவான் தாண்டியா?"

விளக்கியதும் விழுந்து விழுந்து சிரித்தார். "ஊர்க்காரப் பொண்ணா! சொல்லவே இல்லயே."

இங்கே நான் ஊர்க்காரி, அதாவது இந்தியாவிலிருந்து வந்தவள். ஊருக்குப் போனால் மலேசியாக்காரி. சிரித்து வைத்தேன்.

இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். அந்த முனையை அங்குள்ளவர்கள் சிம்பாங் என்கிறார்கள். ஆறு பேரும் நின்றிருந்தார்கள். ஒரு காலத்தில் அங்கேதான் தோட்டத்தின் பெரட்டு, அதாவது காலையில் பேர் கூப்பிட்டு ஆளெடுக்கும் இடம், இருந்ததாம். தோட்டம் விற்றுப்போய், எல்லாரும் சுற்றியுள்ள தாமான்களில் சிதறிவிட்ட பிறகும் வேனுக்கு இங்கேதான் வருகிறார்கள். பழக்கதோஷம் என்று நினைத்து, "வீட்டு வாசல்லயே ஏத்திக்கிட்டா ஒங்களுக்கு வசதிதானக்கா?" என்று அவர்களில் ஒருவரான பாக்கியம் அக்காவிடம் கேட்டேன். அறுபது வயதிருக்கும், சிலுவைச் சங்கிலி போட்டிருந்தார்.

"என்னா வசதி? வீட்ல தனியா நின்னா நான் வந்தனா வரலையான்னு யாருக்குத் தெரியும்? இங்கன்னா ஆறு பேரு. ஒராள் கொறஞ்சா ஓடிப்போயிப் பாப்போம். முனியாண்டி அண்ணே அன்னைக்கு வரல. போயிப் பாத்தா பாத்ரூம்ல விழுந்து கெடக்காரு. தூக்கிக்கிட்டு ஓடுனோம். அப்பறம் ரெண்டு வருசம் இருந்தாருலா."

"இத ஏங்க்கா ஆபீஸ்ல யாரும் சொல்லல?"

"யாரு கேட்டா?"

நல்லா வேணும் எனக்கு. ஏனென்றால் இதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். என் அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவர். விடியும் முன் ஆபீஸ் வேன் தெருமுனையில் வந்து நிற்கும்; யாராவது வராவிட்டால் மற்ற பெண்கள் வாசலில் நின்று பேர் சொல்லிக் கத்துவார்கள். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்ததை அப்பாவுக்கு முன்னால் அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். அந்த வேனில் ஏறக் கூடாது என்பதற்காகத்தான் என்னைப் படிக்க வைத்தார்கள், நானும் விழுந்து விழுந்து படித்தேன். படித்து முடித்து, வாசலுக்கே வரும் வாடகைக் காரில் ஒற்றை ஆளாக ஏறிப் பழகி, உலகத்தில் எல்லாருமே ஒற்றை ஆள் என்று நிரலும் எழுதிவிட்டேன்.

எனக்கு முன்னால் எழுதிய நாலைந்து பேரும் செய்தது அதே தப்புதான். நிரல் 'இந்த ஆளை எங்கே ஏற்றுவது?' என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆனால் வேன் ஆளை ஏற்றவில்லை, ஒரு முனையில் நிற்கும் கூட்டத்தை ஏற்றியது. தப்பான கேள்விக்குச் சரியான பதில் சொல்ல நாற்பது கிளை வேண்டியிருந்தது. ஆறு பேருக்கான விதிவிலக்குகளும் ஒரே சங்கதியைத்தான் ஆறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தன. 'இந்த முனையில் யார் யார்?' என்று கேள்வியைத் திருப்பிப் போட்டதும் கிளைகள் தானாக உதிர்ந்தன. இந்த முறை கை வைக்கும் முன் பழைய தாள்களைச் சோதனைக்காக எடுத்து வைத்தேன். புதுசு எங்கே மாறினாலும் அந்தோணி அண்ணேயைக் கேட்காமல் ஒரு முடிவும் எடுக்கவில்லை. கடைசியில் எண் ஏழில் நின்றது.

ஒரு வரி மட்டும் உறுத்தியது. சிம்பாங்கில் முனியாண்டிக்காக இரண்டு நிமிடம் கூடுதலாக நிற்கச் சொல்லும் வரி. விழுந்து எழுந்த பிறகு அவர் மெதுவாக நடந்ததால் போட்டிருக்கிறார்கள். அவர் போய்ச் சேர்ந்து பல காலம். நீக்கிவிடவா என்று அண்ணேயிடம் கேட்டேன்.

"எடுத்துருலா. செத்தவருக்கு எதுக்கு வேனு?" என்றவர், "ஆனா நான் நிப்பேன். பாக்கியம் இப்ப மெதுவாத்தான் நடக்குது" என்றார்.

பேரை எடுத்துவிட்டு அந்த இரண்டு நிமிடத்தைச் சிம்பாங்கின் பேரிலேயே எழுதிவைத்தேன். கிளை எதுவும் கூடவில்லை.

இரண்டு வாரம் தாளில் ஒரு பிழையும் இல்லை. லியூ திரையை நெடுநேரம் பார்த்துவிட்டு, "கேன்" என்றார், ஆகும் என்று அர்த்தம். அவர் வாயிலிருந்து அதுவே பெரிய பாராட்டு என்று பக்கத்து மேசைப் பெண் சொன்னாள். அன்றே பாகான் டத்தோவைச் சேர்த்தேன். ஒரே வரி, பீடோரில் யாரும் காணாமல் போகவில்லை. சரஸ்வதி அக்கா நிற்கும் முனையில் அவர் ஒருவர்தான். நிரலுக்கு அதுவும் கூட்டம்தான், விதிவிலக்கு வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு முனைக்கும் நான் புதிதாக ஒரு கட்டம் வைத்திருந்தேன்: 'இவர் வராவிட்டால் யாருக்குத் தெரியும்?' அவர் கணவர் விடியுமுன் தோப்புக்குள் போய்விடுவார், அங்கே கைப்பேசி எடுக்காது. வேறு யாரும் இல்லை என்றார் அக்கா. யோசிக்காமல் என் எண்ணைப் போட்டேன்.

முதல் நாள் வேனில் நானும் போயிருந்தேன். அக்கா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, இருக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு அழுதார். பாதி வழியில் திடீரென்று திரும்பி, "ஒனக்கு யாரும்மா?" என்றார்.

"எனக்கா? நான் நல்லாத்தானக்கா இருக்கேன்."

"நல்லா இருக்கவங்களத்தான் கேக்குறேன். தனி ரூம்ல இருக்க. காலையில நீ எந்திரிக்கலன்னா யாருக்குத் தெரியும்?"

அலுவலகத்தில் அவசரத்துக்கு என்று கேட்ட இடத்தில் கோவில்பட்டியில் இருக்கும் என் அண்ணன் எண்ணைத்தான் எழுதியிருந்தேன். கடலுக்கு அந்தப் பக்கம். அதைச் சொன்னதும் அக்கா கையை நீட்டி என் கைப்பேசியை வாங்கி, தன் எண்ணை ஒவ்வொன்றாகத் தட்டினார்.

"போட்டுக்கோ. ஒம் பதிலு வரலன்னா அந்தோணி அண்ணேய அனுப்புவேன்."

செவ்வாய், வியாழன், சனி காலை ஆறரைக்கு 'ஏறிட்டேன்' என்று செய்தி வருகிறது. 'எந்திரிச்சுட்டேன்' என்று நான் பதில் போடுகிறேன். கோவில்பட்டியில் அப்போது மணி நான்கு. என் அண்ணன் தூங்கிக்கொண்டிருப்பான். நான் உயிரோடு இருக்கிறேன் என்ற செய்தி என் சொந்த வீட்டுக்குத் தெரியும் முன்பே தெலுக் இந்தான் சாலையில் போகிற ஒரு வேனுக்குத் தெரிந்துவிடுகிறது.