அக்காவின் பஃப் கை

கல்யாணத்துக்குப் போக வாங்கிய புது ஷூவுக்குள் கசங்கிய காகிதம் திணித்திருந்தது. என் மண்டைக்குள்ளும் அதேதான் இருக்கிறது. ஆனாலும் அந்த ஷூவின் பசை வாசனையில் அக்கா ஞாபகம் வந்துவிட்டது.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்த்த அக்கா, இதே மாதிரிக் காகிதத்தைத்தான் ஜாக்கெட்டின் பஃப் கைக்குள் திணித்துக்கொள்வாள். தோளில் இரண்டு பூசணிக்காய். நடந்தால் சரசரக்கும்.

"இன்னாம்மா இது? பஸ்ல மூணு டிக்கெட் கேப்பான். பிரிச்சி சின்னதா தை," என்பார் அப்பா.

"கேட்டா வாங்கறேன்பா. கைய மட்டும் கம்மி பண்ண மாட்டேன்."

இப்போது என் மகள் பஃப் கை ஜாக்கெட்டில் வந்து நின்றாள். கை தொங்கிக் கிடந்தது.

"ஊரே சிரிக்கும், மாத்திக்கடி," என்றாள் என் மனைவி.

நான் காகிதத்தை மகளிடம் நீட்டினேன். "உள்ள வெச்சிக்கோம்மா. மூணு டிக்கெட்டும் நான் வாங்கறேன்."