இஸ்குரு

மின்விசிறி மாட்ட வந்த பையன் ஏணியில் நின்றபடி, "இஸ்குரு எங்க?" என்று கேட்டான். "என்னப்பா?" என்று திரும்பிவிட்டேன். இந்த வயதிலும்!

என் நிஜப் பெயர் இஸ்க்ரா. ரஷ்ய மொழியில் தீப்பொறி என்று அர்த்தமாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், ரங்கூனில் பசுந்தாங் என்ற பேட்டையில் அரிசி மில் ஃபிட்டராக இருந்த என் அப்பா, யாரோ கப்பல்காரனிடம் அதைக் கேட்டு வந்தார். "புரட்சிக்கப்புறம் அங்க வீட்டுக்கு வீடு இந்தப் பேருதான்" என்று அளப்பார். அங்கேயும் அது அபூர்வமான பெயர்தான் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. தவிட்டுத் தூசியும் கருவாட்டு நாற்றமும் நிறைந்த எங்கள் தெருவில் யார் வாயிலும் அது நுழையவில்லை. இஸ்குரு என்றார்கள். அப்பா ஒவ்வொருவரையும் நிறுத்தி வைத்துத் திருத்துவார். பேச்சுக்குக் குறைவே இல்லாத மனுஷர்.

ஒருநாள் தங்களில் ஒருவனை மேஸ்திரி அடித்துவிட்டான் என்று மில்லில் மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை நிறுத்தினார்கள். "எஞ்சினை மட்டும் ஓட்டாதீங்கண்ணே" என்று அப்பாவிடம் வந்து கெஞ்சினார்கள். தீப்பொறியைப் பெற்ற மகராசன் பின்வாசல் வழியாகப் போய் எஞ்சினை முடுக்கிவிட்டு வந்தார்.

"மில்லு துரை சொன்னா எப்படி மாட்டேங்கிறது?" என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே.

அதுவரை என்னைப் பாப்பா என்றே கூப்பிட்ட அம்மா, வாசல் பக்கம் திரும்பிக் கத்தினாள்: "அடியே இஸ்குரு! ஒங்கப்பாவுக்குத் தண்ணி கொண்டா."

அப்பா திருத்தவில்லை. தலை நிமிராமல் தின்றுகொண்டிருந்தார்.