பெயர் எழுதிய தாள்கள்

பதினெட்டு வருடம் ஒரு பெரிய மருத்துவமனையின் தொலைபேசி அறையில் உட்கார்ந்து "ஹலோ" சொன்னவள் என்பதால், ஹலோக்கா என்ற பெயர் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். அந்த ஆள் சாப்பிட்டாரா, சண்டை போட்டுவிட்டு வந்தாரா என்பதையும் சொல்லிவிடுவாள். ஒருநாள் அவள் நாற்காலிக்கு ஓர் இயந்திரம் வந்தது. "ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்" என்று அது பேச ஆரம்பித்ததும் ஹலோக்காவை மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நாற்பத்தாறு வயதில் அவள் வயது வந்தோர் கல்வியில் பட்டயப் படிப்புக்குச் சேர்ந்தாள். "பொண்ணு படிச்சு முடிச்சிட்டா, இனிமே பொண்டாட்டி நோட்டுக்கு நான் அட்டை போடணுமா?" என்றார் கணவர். கேலி பண்ணிக்கொண்டே அட்டையும் போட்டுக் கொடுத்தார்.

படிப்பின் கடைசிப் படி செய்முறைத் திட்டம். ஏதாவது ஒரு வேலையிடத்தில் அறுபது மணி நேரம் வகுப்பு நடத்த வேண்டும். கல்லூரியின் மேற்பார்வையாளர் மூன்று முறை வந்து பார்ப்பார். முடிவில் அவரும் கையெழுத்துப் போட வேண்டும், அந்த வேலையிடத்து மேலாளரும் போட வேண்டும். எங்கே நடத்துவது என்று ஹலோக்கா ரொம்ப யோசிக்கவில்லை. அவள் தொலைபேசியில் இருந்த காலத்தில், மருத்துவமனைச் சலவைக்கூடத்திலிருந்து மட்டும் வாரம் ஒரு தடவையாவது இப்படி ஒரு அழைப்பு வரும்: "போர்டுல என்னமோ ஒட்டியிருக்காங்க, என்னன்னு கேட்டுச் சொல்றீங்களா? கண்ணாடிய வீட்டுல மறந்துட்டேன்." ஒரே குரல், வருடக்கணக்காக அதே கண்ணாடி. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி இஸ்திரி இயந்திரத்தில் நிற்கும் இஸ்திரியம்மா.

துவைத்த விரிப்புகளை அடுக்கும் அறையில் தினமும் மூன்று மணிக்கு வகுப்பு. பதினோரு பேர். பணிப் பட்டியல், சோப்பு டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை, விடுப்பு விண்ணப்பம் இவைதாம் பாடம். முதல் நாளே ஹலோக்கா சொன்னாள்: "நீங்க இங்க எழுதுறது இந்த ரூமைத் தாண்டாது. தப்பா எழுதினாலும் என்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது." அதை நம்பித்தான் அவர்கள் முதல் நாள் தேர்வை எழுதினார்கள். இஸ்திரியம்மா கொடுத்தது வெற்றுத்தாள்.

மேற்பார்வையாளர் வந்தால் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து குறிப்பெழுதுவார். சிரிக்கவும் மாட்டார், தலையாட்டவும் மாட்டார். வகுப்பில் அவருக்குக் 'கடைசி பெஞ்சு மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். இரண்டாம் முறை பார்த்துவிட்டுப் போகும்போது, "நீங்க நிறையப் பேசுறீங்க, அவங்க திணறும்போது உடனே கைகொடுத்துடறீங்க" என்று மட்டும் சொன்னார். அன்று இரவு ஹலோக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஐம்பத்திரண்டாவது மணி நேரம் முடிந்த அன்று மேலாளர் அழைத்தார். "உள்ள வாங்க" என்ற அந்தக் குரலிலேயே ஏதோ சரியில்லை என்று அவளுக்குப் பட்டது.

"அடுத்த மாசம் புது மிஷினுங்க வருது. எல்லாமே திரையில படிச்சு ஓட்டணும். யாருக்குப் படிக்க வரும், யாருக்கு வராதுன்னு மேலேருந்து கேக்கறாங்க. நீங்க இப்போ வெச்ச ரெண்டாவது தேர்வோட முடிவைக் கொடுங்க. உங்க ஃபாரத்துல நான் கையெழுத்து போட்டுத் தர்றேன்."

"அது கொடுக்கிற மாதிரி இல்ல சார். அவங்ககிட்ட வாக்குக் கொடுத்திருக்கேன்."

"அப்போ முதல் தேர்வை வெச்சுத்தான் நான் முடிவு பண்ணணும்" என்றார் அவர் நிதானமாக.

ஹலோக்கா விரிப்பு அறைக்கு ஓடினாள். மூலையில் இருந்த இரும்பு அலமாரியைத் திறந்தாள். முதல் தேர்வுத் தாள்களைப் போட்டு வைத்திருந்த பச்சை உறை இல்லை. பண்டகக் காப்பாளர் தலையைச் சொறிந்தார். "காலைல சார் மாத்துச் சாவி வாங்கிட்டுப் போனாரும்மா. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

பதினோரு தாள். ஒவ்வொன்றின் தலையிலும் அவளே கொட்டை எழுத்தில் எழுதிய பெயர்.

மேற்பார்வையாளரைத் தொலைபேசியில் பிடித்தாள். எல்லாவற்றையும் கேட்டபின் அவர், "பேர் போட்டா வெச்சீங்க?" என்றார்.

"ஆமா மேடம்."

மறுமுனையில் பேனா மூடியைத் திறந்து எதையோ எழுதும் சத்தம் கேட்டது.

"பேருக்குப் பதிலா நம்பர் போடணும்னு உங்க படிப்புல ரெண்டாவது பாடத்துலயே இருக்கு. சரி. முதல்ல அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க. நாளைக்கு நான் வர்றேன், கடைசிப் பார்வை நாளைக்குத்தான்."

வீட்டில் கணவர் வேறு கணக்குச் சொன்னார். "முதல் பேப்பர் அந்தாளு கையில ஏற்கெனவே இருக்கு. ரெண்டாவதைக் கொடுத்தா நல்லதுதானே? இப்போ ஒன்பது பேர் நல்லாப் படிக்கிறாங்கன்னு நீதானே சொன்னே?"

"மீதி ரெண்டு பேரு?"

அந்த இருவரில் ஒருத்தி இஸ்திரியம்மா. இன்னொருவர் அழுக்குத்துணி வண்டி தள்ளும் வண்டிக்காரர்.

மறுநாள் மூன்று மணி. ஹலோக்கா நின்றுகொண்டே சொன்னாள். உட்கார்ந்து சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "பேரைப் போட்டு வெச்சது என் தப்பு. பூட்டினா போதும்னு நெனச்சேன். சார் எடுத்துட்டாரு. இப்போ ரெண்டாவது தேர்வையும் கேக்கறாரு. நீங்க சொல்லாம நான் கொடுக்க மாட்டேன்."

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கொடுத்துவிடலாம் என்றார்கள் நாலைந்து பேர். துணி மடிக்கும் ஒருத்தி, "கொடுத்தா நாம தப்பிச்சோம், அண்ணனுக்கு என்ன வழி?" என்று வண்டிக்காரரைக் காட்டினாள். அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இஸ்திரியம்மா எழுந்தாள். "பதினேழு வருஷம் ஒரு பயலுக்குத் தெரியாம வெச்சிருந்தேன்" என்றாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று ஹலோக்காவுக்குத் தோன்றியது. "உன்னை நம்பி உக்காந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

அவள் வாசலை அடைவதற்குள் அலுவலகத்திலிருந்து ஆள் வந்துவிட்டான். "இஸ்திரியம்மா, உங்களை சார் கூப்பிடறாரு." வெற்றுத்தாள்தான் அடுக்கில் முதலில் இருந்திருக்க வேண்டும்.

ஹலோக்கா பின்னாலேயே போனாள். வராந்தாவில் எதிரே வந்த மேற்பார்வையாளர் எதுவும் கேட்காமல் கூடவே நடந்தார்.

மேலாளர் ஒரு தாளை மேசையில் நகர்த்தினார். புது இயந்திரத்தின் திரையில் வரப்போகும் வாசகம். "இதைப் படிங்கம்மா. அவ்வளவுதான்."

இஸ்திரியம்மா தாளை எடுத்தாள். கண்ணாடியை மறந்துவிட்டதாக வழக்கமாகச் சொல்லும் பொய் அவள் உதடு வரை வந்ததை ஹலோக்கா பார்த்தாள். அது வெளியே வரவில்லை.

"க... கத... கதவு." மூச்சு விட்டாள். "பூ... பூட்... பூட்டப்... பட்டு..." அங்கே நின்றுவிட்டாள். நெற்றியில் வேர்வை பூத்தது. மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஹலோக்காவின் நாக்கு நுனியில் அந்தச் சொல் துடித்தது. வாயைத் திறக்கப் போனாள். மேற்பார்வையாளரின் விரல்கள் அவள் முழங்கையை இறுகப் பிடித்தன. "விடுங்க" என்றார் காதருகே.

சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்வது கேட்டது.

இஸ்திரியம்மா தாளை மேசைமேல் வைத்து, விரலால் ஒரு இடத்தைத் தொட்டாள். "பூட்டப்பட்டு வரைக்கும் வருது சார். இதுக்கப்புறம் ரெண்டு எழுத்து ஒட்டிக்கிட்டு நிக்குது, எனக்குப் புரியல. இது என்ன?"

மேலாளர் இதை எதிர்பார்க்கவில்லை. "ள்ளது" என்றார் தன்னையறியாமல். "பூட்டப்பட்டுள்ளது."

"ஆங். கதவு பூட்டப்பட்டுள்ளது. வி... விளக்கு... அணை... அணையும் வரை... திற... திறக்கா... திறக்காதீர்." படித்து முடித்தாள். "எனக்கு நேரமாகும் சார். ஆனா தெரியலைன்னா கேப்பேன். இத்தனை வருஷமா கேக்காமதான் ஓட்டுனேன். குத்துமதிப்பா பட்டனை அழுத்திக்கிட்டு. அது உங்களுக்குப் பரவாயில்லையா?"

மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். கெட்ட மனிதர் இல்லை, மேலேயிருந்து நெருக்குகிறார்கள் என்பது முகத்தில் தெரிந்தது. மேற்பார்வையாளர் கையை நீட்டினார். "அந்தப் பச்சை உறை எங்க கல்லூரியோட ஆவணம். திருப்பிக் கொடுத்துடுங்க." மேலாளர் கொடுத்தார். ஆனால் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. "நான் கேட்டது எனக்குக் கிடைக்கல. எதைப் பார்த்துப் போடறது?" என்று முடித்துக்கொண்டார்.

வராந்தாவில், மேற்பார்வையாளரின் சம்மதத்தோடு, பதினோரு தாள்களையும் உரியவர்களிடமே கொடுத்தாள் ஹலோக்கா. இஸ்திரியம்மா தன்னுடைய வெற்றுத்தாளை வாங்கி நாலாக மடித்தாள். "உன் மேல கோவம் போகல" என்றாள். கொஞ்சதூரம் போய்த் திரும்பி, "அந்த ஒட்டிக்கிட்டு நிக்கிற எழுத்தை நாளைக்குச் சொல்லிக்கொடு" என்றாள்.

மேற்பார்வையாளரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆவணப் பாதுகாப்பு என்ற பிரிவில் மதிப்பெண் பூஜ்யம். வேலையிடத்துக் கையெழுத்து இல்லாததால் வேறொரு இடத்தில் இன்னும் இருபது மணி நேரம் நடத்தச் சொன்னார். மிச்சமிருந்த எட்டு மணி நேரத்தைச் சலவைக்கூடத்தில் முடித்துவிட்டு, நூலகத்தின் மாடி அறையில் காவலாளிகளுக்கு வகுப்பெடுத்தாள் ஹலோக்கா. இந்த முறை தாள்களில் எண்கள் மட்டும்தான். தன் தவறை மறைக்காமல் அறிக்கையில் ஆறு பக்கம் எழுதினாள். சான்றிதழ் மூன்று மாதம் தாமதமாக வந்தது. கணவர் அதற்குச் சட்டம் போட்டு மாட்டினார்.

புது இயந்திரங்கள் வந்தபோது இஸ்திரியம்மாவை இரண்டாம் சுற்றுப் பயிற்சியில் சேர்த்துக்கொண்டார்கள். வண்டிக்காரரைச் சேர்க்கவில்லை. பின்பக்கக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். ஹலோக்கா இரண்டு முறை போய்ப் பார்த்தபோது அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் முறை, "உக்காருங்க" என்றார்.

இப்போது சனிக்கிழமை மாலைகளில் கிடங்கு வாசலில் அவருக்கு மட்டும் பாடம் நடக்கிறது. தாளில் எழுதச் சொன்னால் மாட்டேன் என்கிறார். சிலேட்டில்தான் எழுதுகிறார். எழுதியதை அவள் பார்த்து முடித்ததும், அடுத்தவர் கண்ணில் படுவதற்குள் அவரே அழித்துவிடுகிறார்.